பேரிடர் நேரத்தில் கூடுதல் எடையோடு லாரி ஓட்ட அனுமதி வாங்குவது: அமெரிக்கச் சாலைகளுக்கான வழிகாட்டி

புயல் கரையைக் கடந்ததும் டிஸ்பாட்ச் மேசைகளில் ஒரே பேச்சுதான் ஓடும்: "எடை வரம்பைத் தூக்கிட்டாங்களாம், நல்லா ஏத்தி அனுப்பு." அப்படி ஏற்றி அனுப்பிய லாரிகளில் பல அடுத்த எடை நிலையத்திலேயே நிற்கும். காரணம் எளிது. அமெரிக்காவில் எடை வரம்புக்குப் பூட்டு ஒன்றல்ல, மூன்று. மத்திய அரசின் சட்டம், மாநிலத்தின் சட்டம், அந்தந்தப் பாலத்தின் தாங்குதிறன். மூன்றையும் தனித்தனியாகத்தான் திறக்க வேண்டும். ஆளுநர் தொலைக்காட்சியில் ஒன்றைத் திறந்தால் மற்ற இரண்டும் தானாகத் திறந்துகொள்ளாது.

அமெரிக்காவில் லாரி வைத்திருப்பவர்களுக்கும், அவர்களுக்காக லோடு பார்த்துக் கொடுப்பவர்களுக்கும், டொராண்டோ பக்கமிருந்து எல்லை தாண்டி ஓட்டும் தமிழர்களுக்கும் இந்தக் குறிப்புகள் உதவும்.

வழக்கமான வரம்பு

இன்டர்ஸ்டேட் சாலைகளில் (ஐ-95 போல 'ஐ' எண் கொண்ட நாடளாவிய விரைவுச்சாலைகள்) ஒற்றை அச்சுக்கு (ஆக்சில்) 20,000 பவுண்டு (சுமார் 9 மெட்ரிக் டன்), இரட்டை அச்சுக்கு 34,000 பவுண்டு (15.4 டன்), வண்டியின் மொத்த எடை 80,000 பவுண்டு (36.3 டன்). ஐந்து அச்சு லாரியில் முன் அச்சுக்கு 12,000, என்ஜின் சுழற்றும் டிரைவ் அச்சுகளுக்கு 34,000, டிரெய்லர் அச்சுகளுக்கு 34,000 என்று எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் கணக்கு இதிலிருந்து வந்ததுதான்.

இதற்கு மேல் 1975 முதல் பாலச் சூத்திரம் ஒன்றும் இருக்கிறது. ஒரு அச்சுத் தொகுதியின் முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடையே உள்ள தூரத்தை அடியில் எடுங்கள். அதை அச்சுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வரும் எண்ணால் வகுங்கள். அதோடு எண்ணிக்கையின் 12 மடங்கையும் 36ஐயும் கூட்டி, மொத்தத்தை 500ஆல் பெருக்குங்கள். 51 அடி நீளத்தில் ஐந்து அச்சுகள் என்றால் 79,875 வரும். அருகிலுள்ள 500க்கு முழுமையாக்கி 80,000 என்று கொள்வார்கள். இரண்டு இரட்டை அச்சுகளின் முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடையே 36 அடி இருந்தால் சூத்திரப்படி 66,000தான் வரும். ஆனால் 36 அடியோ அதற்கு மேலோ இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 34,000 ஆக 68,000 வரை ஏற்றலாம் என்று சட்டமே விலக்குத் தருகிறது. அதே எடை குறுகிய நீளத்தில் குவிந்தால் பாலத்துக்கு ஆபத்து. நீளத்தில் பரவினால் தாங்கும். பேரிடர் அனுமதியிலும் இதே இயற்பியல்தான் வேலை செய்கிறது.

இன்டர்ஸ்டேட் அல்லாத சாலைகளில் வரம்பு வைப்பது மாநிலத்தின் உரிமை. மிச்சிகனில் 11 அச்சு வண்டி 164,000 பவுண்டு வரை போகலாம். பக்கத்து மாநிலத்தில் அதை நினைத்தே பார்க்க முடியாது. இன்டர்ஸ்டேட்டில் மத்திய வரம்பை மீறி விட்டுக்கொடுக்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு முக்கியப் பங்கின் 50 சதவீதத்தை மத்திய அரசு நிறுத்திவைக்க முடியும். பர்மிட் அலுவலகம் புயல் நேரத்திலும் காகிதத்தைத் துருவிப் பார்ப்பது அதனால்தான்.

உங்கள் லோடு எந்த வகை

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: லோடைப் பிரிக்க முடியுமா, முடியாதா? பிரித்தால் பயன் கெடும், மதிப்பு அழியும், அல்லது தகுந்த கருவிகளோடு கழற்றவே எட்டு வேலை மணிநேரத்துக்கு மேல் ஆகும் என்ற நிலையில் இருப்பது பிரிக்க முடியாத லோடு. பெரிய ஜெனரேட்டர், மின்மாற்றி, கிரேன் எல்லாம் இந்த வகை. இவற்றுக்குப் பேரிடர் அறிவிப்பே தேவையில்லை. எந்த நாளிலும் மாநிலம் வழக்கமான ஓவர்வெயிட் பர்மிட் தரலாம். பேரிடர் நேரத்தில் அதை விரைவாகத் தருவார்கள், அவ்வளவே. மின்மாற்றி ஏற்றிய வண்டிக்குப் பேரிடர் பர்மிட் கேட்டு விண்ணப்பித்து அரை நாளை வீணாக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

தண்ணீர், உணவு, மருந்து, தார்ப்பாய், கட்டில், எரிபொருள் போன்றவை பிரிக்கக்கூடியவை. இரண்டு லாரியில் ஏற்ற முடிந்ததை ஒரே லாரியில் ஏற்ற சாதாரண நாளில் இன்டர்ஸ்டேட்டில் பர்மிட் கிடைக்காது. சில மாநிலங்களுக்குப் பழைய உரிமையாக வந்த விலக்குகள் மட்டும் வேறு. பேரிடர் விலக்கு பிறந்ததே இந்த வகை லோடுக்காகத்தான்.

எந்த அறிவிப்பு வேண்டும்

2012இல் வந்த மேப்-21 சட்டம், மத்திய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 127ஆம் பிரிவில் ஒரு உட்பிரிவைச் சேர்த்தது. அதன்படி பிரிக்கக்கூடிய ஓவர்வெயிட் லோடுக்கு மாநிலம் சிறப்பு பர்மிட் தரலாம், ஆனால் மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து இருக்க வேண்டும். குடியரசுத் தலைவர், பேரிடர் உதவிக்கான ஸ்டாஃபோர்டு சட்டத்தின் கீழ், அதைப் 'பெரும் பேரிடர்' என்று அறிவித்திருக்க வேண்டும். பர்மிட் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு வழங்கப்பட வேண்டும். வண்டி நிவாரணப் பொருளைக் கொண்டுசேர்ப்பதாக மட்டுமே இருக்க வேண்டும்.

முதல் நிபந்தனையில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ஸ்டாஃபோர்டு சட்டத்தில் இரண்டு வகை அறிவிப்பு உண்டு: 'அவசரநிலை', 'பெரும் பேரிடர்'. மத்திய பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் இணையப் பட்டியலில் முதலாவதன் எண்ணுக்கு முன்னால் இ.எம். என்றும், இரண்டாவதன் எண்ணுக்கு முன்னால் டி.ஆர். என்றும் இருக்கும். புயல் வருவதற்கு முன்பே தருவது பெரும்பாலும் இ.எம். அறிவிப்புதான். சாண்டி புயலின்போது நியூயார்க்குக்கும் நியூஜெர்சிக்கும் 2012 அக்டோபர் 28 அன்று அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பெரும் பேரிடர் அறிவிப்பு 30ஆம் தேதிதான் வந்தது. இடைப்பட்ட நேரத்தில் "குடியரசுத் தலைவரே அறிவித்துவிட்டாரே" என்று இன்டர்ஸ்டேட்டில் கூடுதல் தண்ணீர் ஏற்றிப் போனால், இந்த உட்பிரிவு துணைக்கு வராது. புயலுக்கு முன்னதாகப் பொருளைக் குவிக்க நினைப்பவர்கள் 80,000 பவுண்டுக்குள்தான் திட்டமிட வேண்டும், அல்லது இன்டர்ஸ்டேட்டைத் தவிர்க்க வேண்டும்.

கோவிட் காலத்தில் இந்தச் சிக்கல் நாடு முழுக்க ஒரே நேரத்தில் எழுந்தது. 2020 மார்ச் 13 அறிவிப்பு அவசரநிலை வகையைச் சேர்ந்தது. அதனால் அதே மாதம் வந்த கேர்ஸ் சட்டம், நிவாரணப் பொருளுக்கு 2020 செப்டம்பர் 30 வரை மாநிலங்கள் பர்மிட் தரலாம் என்று தனியாக எழுதிவைத்தது.

காலக்கெடுவும் கறாரானது. பர்மிட் எப்போது வாங்கினாலும், பெரும் பேரிடர் அறிவித்த நாளிலிருந்து 120 நாளுக்குள் காலாவதியாகிவிடும். ஹெலீன் புயலுக்காக ஃபுளோரிடாவுக்கும் வட கரோலினாவுக்கும் 2024 செப்டம்பர் 28 அன்று அறிவிப்பு வந்தது. எண்ணிப் பார்த்தால் 2025 ஜனவரி 26 கடைசி நாள். மாநில உத்தரவு பெரும்பாலும் இதைவிட முன்பே முடிந்துவிடும். இரண்டில் எது முன்னதோ அதையே காலண்டரில் குறியுங்கள்.

இரண்டாவது நிபந்தனையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மத்திய சட்டம் "தரலாம்" என்றுதான் சொல்கிறது, "தர வேண்டும்" என்று சொல்லவில்லை. ஒரு மாநிலத்தின் சொந்தச் சட்டத்தில் இடமில்லை என்றால் அங்கே பர்மிட் கிடையாது. ஜார்ஜியா தந்ததை அலபாமா மதிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பாதையில் வரும் ஒவ்வொரு மாநிலத்திலும் தனியாக வாங்கியே ஆக வேண்டும்.

மூன்றாவது நிபந்தனை, "கொண்டுசேர்க்கும்" வண்டி. இடிபாடுகளை அள்ளிக்கொண்டு வெளியே போகும் லாரி எதையும் கொண்டுசேர்ப்பதில்லை. அதை இந்த வாசகத்துக்குள் நுழைக்க முயல வேண்டாம். பாதி தண்ணீர், பாதி கடைக்கான தொலைக்காட்சிப் பெட்டிகள் என்று கலந்து ஏற்றுவதும் ஆகாது. "மட்டுமே" என்ற ஒரு சொல் அதற்குக் கதவடைக்கிறது.

ஆளுநரின் உத்தரவைப் படிப்பது

டி.ஆர். அறிவிப்பு இல்லாமலே ஆளுநர் தன் மாநிலத்துச் சாலைகளில் எடை வரம்பைத் தளர்த்தலாம். அது இன்டர்ஸ்டேட்டுக்குச் செல்லாது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. ஐ-95க்கு இணையாக யு.எஸ்.17உம் யு.எஸ்.1உம் ஓடுகின்றன, அவற்றில் போகலாம் என்று நினைப்பது சரிதான். ஆனால் யு.எஸ். எண் சாலைகள் இடையிடையே சில மைல் இன்டர்ஸ்டேட்டோடு சேர்ந்து ஓடும். அந்தச் சில மைலும் இன்டர்ஸ்டேட்தான்.

செய்தியை நம்பாமல் உத்தரவின் மூலப் பிரதியை இறக்கிப் படியுங்கள். எந்தச் சட்டப் பிரிவைத் தளர்த்தினார்கள், மொத்த எடைக்கும் அச்சுக்கும் புதிய உச்சவரம்பு என்ன, இன்டர்ஸ்டேட்டைச் சேர்த்தார்களா விலக்கினார்களா, இரவில் ஓட்டலாமா, எந்தெந்தப் பொருளுக்கு, எந்த நாள் எத்தனை மணிக்கு முடிகிறது என்பவற்றைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். நீட்டிப்பு உத்தரவு வந்தால் அதையும் முழுதாகப் படியுங்கள். முதல் உத்தரவில் இருந்த எடைப் பகுதி நீட்டிப்பில் சத்தமில்லாமல் விடுபட்டிருக்கலாம்.

அடுத்து பர்மிட் எப்படித் தருகிறார்கள் என்று பாருங்கள். சில மாநிலங்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரு பர்மிட்டை இணையத்தில் போட்டுவிடும். அச்சடித்து வண்டியில் வைத்தால் போதும். வேறு சில மாநிலங்களில் வழக்கமான பர்மிட் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். டெக்ஸாஸில் அது டெக்ஸ்பிராஸ். யு.எஸ்.டாட் எண் (மத்திய போக்குவரத்துத் துறை நிறுவனத்துக்குத் தரும் எண்), வண்டி எண், வின் எண் (வண்டியின் தனி அடையாள எண்), ஒவ்வொரு அச்சின் எடை, அச்சுகளுக்கு இடையேயான தூரம் அடி அங்குலத்தில், புறப்படும் இடம், சேரும் இடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். அச்சு இடைவெளியைத் தயாரிப்பாளரின் தாளிலிருந்து எடுக்க வேண்டாம். டேப் வைத்து அளங்கள். டிரெய்லரின் பின் அச்சை நகர்த்தினால் அந்த எண் மாறிவிடும்.

எவ்வளவு ஏற்றலாம்: ஒரு கணக்கு

மாநிலம் 95,000 பவுண்டு அனுமதித்தது என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் இருப்பது தூங்கும் அறை கொண்ட டிராக்டரும் 53 அடிப் பெட்டி டிரெய்லரும். வெற்று எடை 36,000 பவுண்டு. பாட்டில் தண்ணீர் ஒரு பேலட் (சரக்கு அடுக்கும் தட்டு) ஏறக்குறைய 2,000 பவுண்டு. சாதாரண நாளில் 22 பேலட் ஏற்றினால் 80,000 நிறைந்துவிடும்.

95,000க்கு இன்னும் ஏழு பேலட் ஏற்றலாம் என்று கணக்கு சொல்லும். ஆனால் 53 அடித் தரையில் வரிசைக்கு இரண்டாக 13 வரிசை, அதாவது 26 பேலட்டுக்குத்தான் இடம். தண்ணீர்ப் பேலட்டின் மேல் தண்ணீர்ப் பேலட்டை அடுக்கினால் கீழே உள்ளது நசுங்கும், பிரேக் போடும்போது மேலே உள்ளது சரியும். ஆக 26 பேலட், மொத்தம் 88,000 பவுண்டு. முன் அச்சில் 12,000 வைத்தால் மீதி இரண்டு தொகுதிக்கும் தலா 38,000.

இதில் இன்னொரு எல்லை ஒளிந்திருக்கிறது. பர்மிட் சாலையின் வரம்பை உயர்த்தும்; இரும்பின் வரம்பை உயர்த்தாது. டிரைவ் இரட்டை அச்சின் தயாரிப்பு வரம்பு பரவலாக 40,000 பவுண்டு, டிரெய்லரிலும் அப்படியே. கதவருகில் உள்ள தகட்டில் அது எழுதியிருக்கும். 295/75ஆர்22.5 அளவு, ஜி ரக டயர் இரட்டையாக ஓடும்போது ஒன்றுக்கு 5,675 பவுண்டு தாங்கும், எட்டுக்கு 45,400. முன்பக்கம் தனியாக ஓடும்போது ஒன்றுக்கு 6,175, இரண்டுக்கு 12,350. அதாவது முன் அச்சில் கூடுதலாக ஏற்ற இடமே இல்லை. டயரின் பக்கத்தில் பொறித்த எடையைத் தாண்ட மாநில பர்மிட் அனுமதித்தாலும், மத்திய விதிப்படி மணிக்கு 50 மைலுக்கு மேல் போகக் கூடாது. இந்தக் கணக்கில் 38,000 என்பது அச்சுக்கும் டயருக்கும் உட்பட்டது. 95,000ஐ அப்படியே எட்டியிருந்தால் ஒவ்வொரு தொகுதியிலும் 41,500 விழுந்து அச்சின் வரம்பைத் தாண்டியிருக்கும்.

லாபம் நான்கு பேலட்தானா என்று தோன்றலாம். 100 பேலட் கொண்டுபோக 22 வீதம் ஐந்து லாரி வேண்டும். 26 வீதம் நான்கு போதும். ஓட்டுநர் கிடைக்காத வாரத்தில் ஒரு லாரி மிச்சமாவது பெரிய விஷயம். ஆனால் நீங்கள் கொண்டுபோவது கட்டிலும் போர்வையும் என்றால் எடைக்கு முன்பே இடம் நிறைந்துவிடும். அப்போது இந்தப் பர்மிட்டே வீண் வேலை.

ஏற்றியதும் கேட் ஸ்கேல் போன்ற எடை மேடையில் மூன்று தொகுதியையும் தனித்தனியாக எடுத்துச் சீட்டு வாங்குங்கள். டிரைவ் அச்சில் எடை கூடினால் டிரெய்லர் அச்சை முன்னே நகர்த்துங்கள், எடை பின்னால் போகும். டிரெய்லர் அச்சில் கூடினால் பின்னே நகர்த்துங்கள். அச்சைப் பூட்டும் துளையில் ஒன்று நகர்த்தினால் சில நூறு பவுண்டு மாறும். எத்தனை என்பது துளை இடைவெளியைப் பொறுத்தது, எனவே நகர்த்தியபின் மீண்டும் எடை போட்டே ஆக வேண்டும்.

பாதை

எடை எச்சரிக்கைப் பலகை வைத்த பாலத்தை எந்தப் பேரிடர் உத்தரவும் திறந்துவிடாது. பலகையில் லாரி உருவங்களுக்கு எதிரே டன் கணக்கு இருக்கும். அந்த எண்தான் கடைசி வார்த்தை. அது அமெரிக்க டன், 2,000 பவுண்டு. மெட்ரிக் டன் என்று நினைத்துப் பெருக்கினால் பத்து சதவீதம் தவறும். கனடாவிலிருந்து வருகிறவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

பேரிடர் நேரத்தில் ஆபத்து அதிகம் இருப்பது மாற்றுப்பாதையில்தான். ஹெலீனின்போது வட கரோலினாவின் பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஐ-40இன் ஒரு பகுதியை ஆறே அரித்துக்கொண்டு போனது. 2025 மார்ச்சில்தான் பக்கத்துக்கு ஒரு வழியாகத் திறந்தார்கள். இப்படி ஒரு சாலை அடைபடும்போது ஜி.பி.எஸ். உங்களை மாவட்டச் சாலைக்குள் தள்ளும். மாவட்டமும் நகராட்சியும் பராமரிக்கும் சாலைகளுக்கு மாநில பர்மிட் செல்லாமல் போகலாம். கடைசி ஐந்து மைலுக்கு யார் அனுமதி தர வேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே அந்த மாவட்டப் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மாநிலத்தின் 511 சாலை நிலவரச் சேவையில் அன்றன்றைய அடைப்பையும் பாருங்கள்.

தண்ணீர் வடிந்த சாலையும் முன்பிருந்த சாலை அல்ல. இல்லினாய்ஸின் ஒட்டாவாவில் 1958 முதல் 1960 வரை நடந்த சோதனையிலிருந்து வந்த பழைய கணக்குப்படி, சாலைக்கு நேரும் சேதம் அச்சு எடையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் உயர்கிறது. 20,000க்குப் பதில் 24,000 வைத்தால் எடை 20 சதவீதம்தான் கூடுகிறது, சேதமோ இரண்டு மடங்குக்கு மேல். அடித்தளம் ஊறிப்போயிருந்தால் இன்னும் மோசம். ஓரத்து மண்ணில் சக்கரத்தை இறக்க வேண்டாம். 88,000 பவுண்டு வண்டியை அங்கிருந்து தூக்க வரும் வண்டிக்கும் அந்தச் சாலை தாங்காது.

வண்டியில் வைக்க வேண்டிய காகிதம்

ஒவ்வொரு மாநிலத்தின் பர்மிட், ஆளுநர் உத்தரவின் முழுப் பிரதி, டி.ஆர். எண்ணும் தேதியும் உள்ள ஃபெமா பக்கம், எடைச் சீட்டு, சரக்குச் சீட்டு. சரக்குச் சீட்டில் "பொது சரக்கு" என்று எழுதினால் எடை நிலையத்தில் உங்களுக்காகப் பேச எதுவுமில்லை. "பேரிடர் நிவாரணம், பாட்டில் தண்ணீர், 26 பேலட்" என்று எழுதி, பெறுபவரின் பெயரும் பாதிக்கப்பட்ட பகுதியின் முகவரியும் போடுங்கள். பொருள் நேராக அங்கே போகாமல் வெளியே உள்ள சேமிப்புக் கிடங்கில் இறங்குகிறது என்றால், அந்தக் கிடங்கு எந்த நிவாரணப் பணிக்கானது என்று பொருளைக் கேட்ட அமைப்பிடமிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள். எல்லாம் காகிதத்தில் இருக்கட்டும். புயல் அடித்த ஊரில் அலைபேசிக் கோபுரம் வேலை செய்யும் என்று எண்ணாதீர்கள்.

எடை நிலையம் திறந்திருந்தால் உள்ளே போங்கள். உத்தரவு வெளிப்படையாக விலக்கினால் ஒழிய இது கட்டாயம்.

எடை விலக்கும் ஓட்டுநேர விலக்கும் வேறு

இந்த இரண்டையும் குழப்புவதுதான் மிகப் பரவலான தவறு. லாரிப் போக்குவரத்தின் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான எஃப்.எம்.சி.எஸ்.ஏ. வெளியிடும் பேரிடர் அறிவிப்பு ஓட்டுநர் எத்தனை மணிநேரம் ஓட்டலாம் என்பதைத் தளர்த்துகிறது. எடை வரம்பை அது தளர்த்தாது. 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின், ஆளுநர் அறிவிப்பாலும் உள்ளூர் அவசரநிலையாலும் தானாகக் கிடைக்கும் விலக்கு இன்னும் சுருங்கிவிட்டது: ஓட்டுநேர உச்சவரம்புகள் மட்டுமே. ஆளுநர் அறிவிப்பின் பேரில் என்றால் 14 நாள், உள்ளூர் அவசரநிலைக்கு 5 நாள். குடியரசுத் தலைவர் அறிவித்தால் விலக்கு இதைவிட விரிவானது, 30 நாள் வரை. ஓட்டுநர் உரிமம், போதைப்பொருள் பரிசோதனை, காப்பீடு, அபாயகரப் பொருள் விதிகள் எல்லாம் அப்படியே இருக்கும். பொருளை இறக்கியபின் நிவாரணம் அல்லாத சரக்கை ஏற்றினாலோ, நிறுவனம் வேறு ஊருக்கு அனுப்பினாலோ அந்த நிமிடமே நேர விலக்கும் முடிந்துவிடும்.

கனடா உரிமத்தோடு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அமெரிக்காவுக்குள் ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்கும் உள்நாட்டு லோடுக்கான தடையை எடை பர்மிட் நீக்காது. ஒன்டாரியோவில் ஏற்றி வட கரோலினாவில் இறக்கலாம். ஜார்ஜியாவில் ஏற்றி வட கரோலினாவில் இறக்குவது வேறு கதை.

காப்பீட்டு முகவருக்கும் புறப்படும் முன் தகவல் கொடுங்கள். சட்டப்படி ஏற்றிய கூடுதல் எடையையும் "அளவுமீறிய சுமை" என்று தள்ளும் வாசகம் சில பாலிசிகளில் உண்டு.

பேரிடர் பர்மிட் பேச்சே எழாத வண்டிகள்

தீயணைப்பு வண்டிகளுக்கு 2015இன் ஃபாஸ்ட் சட்டம் இன்டர்ஸ்டேட்டில் 86,000 பவுண்டு வரை தனி வரம்பு தந்திருக்கிறது. பழுதான கனரக லாரியை, அது நின்ற இடத்திலிருந்து பொருத்தமான அருகிலுள்ள பணிமனைக்கு இழுத்துப் போகும் கனரக மீட்பு வண்டிக்கும் அதே சட்டம் மத்திய எடை வரம்பிலிருந்து விலக்குத் தந்தது. அங்கிருந்து அடுத்த ஊருக்கு இழுத்தால் அது செல்லாது. பனிச்சாலையில் உப்பும் மணலும் தூவும் வண்டிகளை மாநிலம் பிரிக்க முடியாத லோடாகவே கருதிக்கொள்ளலாம். இவை மூன்றில் ஒன்று உங்கள் வண்டி என்றால், டி.ஆர். எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மாநில விதியை மட்டும் பார்த்துக்கொண்டு கிளம்பலாம்.